தேதி குறிக்கும் முன்: லாங் பஜார் சுமைத் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் லாங் பஜாரிலும் மண்டி வீதியிலும் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்கும், அந்தக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கும்,

மூட்டை தூக்கும் தோளில் குடைச்சல், கழுத்திலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் சுறுசுறுவென்று இறங்கும் மரமரப்பு, உயரத்தில் அட்டி போடும்போது இரண்டே நிமிடத்தில் கை ஓய்ந்து தானாகத் தொங்கிவிடுவது: இவற்றை நோய் என்று எண்ணும் வழக்கம் உங்கள் தொழிலில் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிக்கொள்வதும், வாயு என்று விட்டுவிடுவதும், மிஞ்சிப்போனால் ஒரு படம் எடுத்து ‘கழுத்தெலும்பு தேய்மானம்’ என்ற பெயரோடு மாத்திரைப் பட்டை வாங்கி வருவதும்தான் நடக்கிறது. பெரும்பாலான வலிகளுக்கு அந்தப் பெயர்களே பொருந்தவும் கூடும். பொருந்தாத சிலவற்றில் ஒன்றுக்கு மருத்துவர்கள் 1956 முதல் ‘தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள ஓர் இடுக்கில் கைக்குப் போகும் நரம்போ ரத்தக்குழாயோ நெரிபடுவதுதான் அது. அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. செய்துகொள்ளலாமா, வேண்டாமா, செய்தால் பிறகு என்ன என்பதைப் பற்றியே இந்த மடல். என் வாதம் இதுதான்: எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து அறுவையை முடிவு செய்யாதீர்கள். நெரிபடுவது எது, அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் அந்தத் தோளுக்கு என்ன வேலை காத்திருக்கிறது, இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். அந்த விரலுக்கு அடியில்தான் விஷயம் இருக்கிறது. கழுத்து முள்ளெலும்பிலிருந்து இறங்கும் ஸ்கேலீன் என்ற தசைகளில் முன்னதற்கும் நடுவிலுள்ளதற்கும் இடையே புகுந்து, கைக்குப் போகும் நரம்புக் கற்றை முழுவதும் வருகிறது. கூடவே தமனியும் வருகிறது. கையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை, முன்தசைக்கு முன்னால் காறை எலும்பை ஒட்டிப் போகிறது. மூன்றும் முதல் விலா எலும்பின் மேல்தான் கடக்கின்றன. மேலே காறை, கீழே விலா. இடையில் இருப்பது கொஞ்சம் இடம். தோளில் பாரம் ஏறும்போது காறை எலும்பு கீழே அமுங்கி அந்த இடம் இன்னும் குறைகிறது. தோளைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துப் பிடித்தாலே இந்த இடைவெளி நெருங்கி ரத்தக்குழாய் நசுங்கும் என்று பால்கனர், வெடல் என்ற இருவர் 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே எழுதிவைத்தார்கள். சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருக்கும். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ காணப்படும் இந்தக் கழுத்து விலா, பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொந்தரவும் தராது. ஆகவே எக்ஸ்ரேயில் அது தெரிந்தவுடன் ‘திருடன் அகப்பட்டான்’ என்று நினைத்துவிடக் கூடாது.

நெரிபடுவது சிரை என்றால் யோசிக்க நேரமில்லை. கடுமையாக வேலை செய்த அன்றோ மறுநாளோ ஒரு கை மட்டும் முழுவதும் வீங்கி, கனத்து, நீலம் பாரித்து, மேற்கையிலும் மார்பிலும் குழாய்கள் புடைத்துத் தெரிந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது என்று பொருள். லண்டனில் பேஜெட் 1875இலும் வியன்னாவில் ஷ்ரோட்டர் 1884இலும் இதை எழுதியதால் இருவர் பெயரும் இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது. நல்ல உடல்வாகுள்ள, கையால் உழைக்கிற இளைஞர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. குழாய்வழி மருந்து செலுத்தி உறைவைக் கரைப்பது முதல் இரண்டு வாரத்துக்குள் நன்றாகப் பலிக்கும். பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். கரைத்த பின் அந்த முதல் விலாவை எடுத்து இடம் உண்டாக்குவார்கள். எலும்பு இருக்கும்போதே குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தால் அந்த ஸ்டென்ட்டும் நசுங்கும். தமனி கெட்டிருந்தால் விரல் நுனி வெளுக்கும், சில்லிடும், கறுத்த புள்ளிகள் தோன்றும். பழுதான இடத்திலிருந்து உறைவுத் துணுக்குகள் விரலுக்கு ஓடுகின்றன என்பதற்கு அது அடையாளம். விட்டால் விரல் போகும். இந்த நோயுள்ளவர்களில் இந்த இரண்டும் சேர்ந்தே நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான் வருகின்றன. வந்தால் உடற்பயிற்சி, தைலம், ‘ஒரு மாசம் பார்ப்போம்’ எதற்கும் இடமில்லை. சி.எம்.சி. மருத்துவமனை உங்களுக்கு நடக்கிற தூரம், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை பஸ் போகிற தூரம். அன்றைக்கே போங்கள்.

மீதியுள்ள தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நெரிபடுவது நரம்பு. இதிலும் இரண்டு வகை. முதல் வகை அரிது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு உள்ளங்கைகளையும் மல்லாத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் உள்ள சதை மேடு ஒரு கையில் மட்டும் வற்றிக் குழிந்திருக்கிறதா? சட்டைப் பொத்தான் மாட்டுவதும் மூட்டையில் கொக்கி போட்டுப் பிடிப்பதும் அந்தக் கைக்கு மட்டும் தட்டிப்போகிறதா? வேலூரில் கை சூம்பினால் முதலில் தொழுநோய் ஞாபகத்துக்கு வருவது நியாயம்தான். அந்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். ஆனால் இந்த நோயின் கை வேறு மாதிரி. சதை வற்றுவது கட்டைவிரல் பக்கம், மரத்துப்போவது சுண்டுவிரலும் முன்கையின் உள்புறமும். மணிக்கட்டில் ஒரு நரம்பு மட்டும் நெரிபட்டால் இரண்டும் இப்படிப் பிரிந்து நிற்காது. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கிற இடம் கழுத்தின் அடி. லண்டன் நரம்பியலாளர் கில்லியட் 1970இல் விவரித்த கை இதுதான். இங்கே அறுவை வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஆனால் எதற்காக என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். விடுபட்ட நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து உள்ளங்கைக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நரம்பில்லாத தசையோ ஒன்று ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. ஆகவே இந்த அறுவை, இனி போகப்போவதை நிறுத்தவும் வலியையும் மரமரப்பையும் குறைக்கவும் செய்வது. போன சதை திரும்பி வரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது வகையில்தான் சிக்கலெல்லாம். வலி இருக்கும், மரமரப்பு இருக்கும், கையை உயர்த்தினால் அதிகமாகும். சதை வற்றியிருக்காது, நரம்புச் சோதனையும் ஸ்கேனும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தலையைத் திருப்பி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி நாடி பார்க்கும் ஆட்சன் சோதனையில் ஒரு நோயும் இல்லாத பலருக்கும் நாடி மறைந்துவிடும். கைகளை உயர்த்தி மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்கச் சொல்லும் சோதனை சற்று மேல். அதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. ஆகவே இந்த நோய் என்று முடிவு கட்டுவதே மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான்: கழுத்து டிஸ்க், மணிக்கட்டு நெரிசல், முழங்கை நரம்பு, சர்க்கரை. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நுரையீரலின் உச்சியில் வரும் கட்டி இதே நரம்பு வேரைத்தான் பிடிக்கும், இதே சுண்டுவிரல் பக்க வலியைத்தான் கொடுக்கும். சிலருக்கு அந்தப் பக்கத்து இமையும் இறங்கும். ஒரு மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் தோள் வலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது மிகப் பெரிய தவறு. கழுத்து எக்ஸ்ரேயும் மார்பு எக்ஸ்ரேயும் அதிகச் செலவில்லாதவை. எம்.ஆர்.ஐ.க்குப் பணம் புரட்டுவதற்கு முன் அவை இரண்டும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

இந்த இரண்டாம் வகைக்கு அறுவை பலிக்குமா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுத் திட்டத்தின் கீழ் இந்த அறுவையைச் செய்துகொண்ட 158 பேரைப் பின்தொடர்ந்து 2000இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வருடம் கழித்தும் அவர்களில் 60 சதவீதம் பேர் வேலைக்குத் திரும்ப முடியாமல் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, 2022இல் வெளியானது. அறுவையற்ற சிகிச்சை பலிக்காத 50 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, பாதிப் பேருக்கு உடனே அறுவை செய்தார்கள், பாதிப் பேரைப் பழைய சிகிச்சையில் வைத்தார்கள். மூன்று மாத முடிவில் அறுவை செய்துகொண்டவர்களால் கையை நன்றாகவே பயன்படுத்த முடிந்தது, மற்றவர்களுக்கு அவ்வளவு முன்னேற்றமில்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டச்சு ஆய்வில் இருந்தவர்கள் கவனமாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், ஏற்கெனவே பயிற்சி சிகிச்சை செய்து பார்த்தவர்கள், மூன்று மாதத்தில் அளக்கப்பட்டவர்கள். வாஷிங்டனில் அளக்கப்பட்டது வலியையோ கை அசைவையோ விட, வேலைக்குப் போனார்களா என்பது. நல்ல தேர்வும் கைதேர்ந்த மருத்துவரும் உள்ள இடத்தில் அறுவை வலியைக் குறைக்கும்; அது மட்டுமே ஒருவரைப் பழைய வேலையில் கொண்டுபோய் நிறுத்திவிடாது. உங்களுக்கு வேண்டியது இரண்டும்.

நஷ்டஈடு கிடைக்கிறது என்றால் யார்தான் வேலைக்குத் திரும்புவார்கள், அந்த அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மோசமான நிலையில் இருந்தவர்கள்தான் அறுவைக்குப் போயிருப்பார்கள், அதனால்தான் முடிவு மோசம் என்றும் சொல்லலாம். அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் நிலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நஷ்டஈடு இருந்ததால் திரும்பாமல் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இங்கே எதுவும் இல்லாததால் மூன்றாவது வாரமே திரும்புவீர்கள். எலும்பு எடுத்த இடம் ஆறி, தழும்பு இறுகும் காலத்தில் அதே தோளில் ஐம்பது கிலோ ஏறும். தழும்பு நரம்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நோய் மறுபடி வருவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் நடப்பதுதான். இரண்டாவது அறுவை முதலாவதை விடச் சிரமமானது, ஆபத்தும் கூடுதல். இந்த அறுவை ஆஸ்பத்திரியில் ஜெயித்துக் கடைவீதியில் தோற்கும் சாத்தியம் உங்களுக்குத்தான் அதிகம்.

அறுவையோடு அதற்குப் பிந்தைய வேலையையும் சேர்த்து யோசிப்பதற்கு முன்னுதாரணம் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1946இல் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்குக் காரணம் அழுகல் அல்ல, நரம்பு செத்துப்போனதே என்று புரிந்துகொண்டு, உயிரோடுள்ள தசையின் நாணை எடுத்து வேறு விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவையை இங்கே வளர்த்தார். வற்றிய கட்டைவிரல் மேட்டுக்கும், தேவைப்பட்டால், இன்றும் இந்த வழியில் பிடிப்பு வாங்கித் தர முடியும். அந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் பாதி வேறு. விரலை நிமிர்த்தி ஊருக்கு அனுப்பினால் மட்டும் போதவில்லை, அந்தக் கையால் பிழைக்க வேறு வழி காட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே ஒரு குடியிருப்பு அமைத்து, அறுவை முடிந்தவர்களுக்கு மரவேலை முதலான தொழில்கள் கற்றுத்தரப்பட்டன. பிறகு 1966இல் மருத்துவர் மேரி வர்கீஸ் முயற்சியில் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையமும் வந்தது. அறுவையும் அதற்குப் பிந்தைய வேலையும் சேர்ந்துதான் ஒரு சிகிச்சை என்று முதலில் கண்டுகொண்ட ஊர்களில் ஒன்றில் நீங்கள் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கடைவீதிக்கும் அது பொருந்தும் என்று யாரும் சொல்லாமலேயே இருந்துவிட்டார்கள்.

‘அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு யார் எரிப்பது?’ இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் விடை இல்லை, ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனிக்குப் போகிற உங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால், சந்தா நிபந்தனை நிறைவேறியிருக்கும் பட்சத்தில், அவர்களே நோயுற்றால் வருடத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அட்டகாசமான பொருத்தம், ஏறக்குறைய அந்த மூன்று மாதமேதான். (தையல் மிஷினில் குனிந்தே இருப்பவர்களுக்கும், தோலைத் தலைக்கு மேல் கொக்கியில் மாட்டுகிறவர்களுக்கும் இந்த நோய் வரலாம்; இந்த மடலை அவர்களும் படிக்கட்டும்.) உங்களுக்கோ 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் நலவாரிய அட்டையும் இருக்கின்றன. அட்டையைப் புதுப்பித்து வையுங்கள், ஆனால் அதை நம்பி மூன்று மாதம் உலை வைக்க முடியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்த அறுவை அதில் வருமா என்று சேரும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவை அது தாங்கலாம். வீட்டுச் செலவைத் தாங்காது. அதற்கு வழி, குழுவாக வேலை செய்கிற உங்களிடமே இருக்கிறது. கூலியை அன்றன்றைக்குப் பங்கு பிரிக்கிற கூட்டத்தில் அறுவை செய்தவருக்கு அரைப் பங்கு ஒதுக்கி, அவரைக் கணக்கு எழுதவும் மூட்டை எண்ணவும் லாரிச் சீட்டு வாங்கவும் வைத்துக்கொள்ள முடியும். மேஸ்திரியோடு இதைப் பேசி முடிக்காமல் அறுவைக்குத் தேதி வாங்காதீர்கள்.

மண்டிக்காரர்கள் சொல்லும் மறுப்பும் எனக்குத் தெரியும். ‘எங்களிடம் லேசான வேலை என்று ஒன்று கிடையாது, மூட்டை எடையை நாங்களா தீர்மானிக்கிறோம்?’ வளர்ந்த ஆண் ஒருவர் சுமப்பதற்கு உச்சவரம்பு 55 கிலோ என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்துவிட்டது. அது உச்சவரம்புதான், நாள் முழுக்கச் சுமக்கச் சொன்ன அளவு அல்ல. எடை மாறாது என்பதும் உண்மையில்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், சில நாட்களிலேயே 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்துவிட்டன. வரிக்காக ஒரு கிலோ கூடிய மூட்டை, ஒரு மனிதனின் தோளுக்காகப் பாதியாகக் குறைய முடியாதா? இருசக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கி வைத்தால்கூடப் போதும், பாதி நடைகள் தோளை விட்டு இறங்கிவிடும்.

கடைசியாகப் பயம். ‘கழுத்துப் பக்கம் கத்தி வைத்தால் கை போய்விடும்’ என்ற பேச்சை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். அக்குள் வழியாகவோ காறை எலும்புக்கு மேலிருந்தோ போய் முதல் விலாவை எடுக்கும்போது நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்து காற்றுச் சேரலாம். அதனால்தான் அறுவை முடிந்ததும் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உதரவிதான நரம்பு பாதிக்கப்பட்டால் மூச்சு வாங்கும், தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் நரம்பு பாதிக்கப்பட்டால் அந்த எலும்பு முதுகில் சிறகு மாதிரி துருத்தும். கைக்குப் போகும் நரம்புக் கற்றைக்கே காயம் ஏற்படுவது அபூர்வம், ஆனால் ஏற்பட்டால் பயந்தது போலத்தான் ஆகும். அக்குள் வழியாகச் செய்தவர்களுக்கு மேற்கையின் உள்புறம் மரத்திருப்பது சாதாரணம், பெரும்பாலும் குறைந்துவிடும். இத்தனை ஆபத்துள்ள ஒன்றை வலி மட்டும் உள்ள இரண்டாம் வகைக்காரர் முதல் மாதத்திலேயே செய்துகொள்ள வேண்டியதில்லை. மூன்று மாதமாவது, முடிந்தால் அதற்கு மேலும், தோளைத் தூக்கி நிறுத்தும் பயிற்சியும் ஸ்கேலீன் தசையை இளக்கும் பயிற்சியும் செய்துபார்க்கலாம்; பாரத்தை நிறுத்தாமல் செய்த பயிற்சி கணக்கில் சேராது. அந்தத் தசையில் மரப்பு ஊசி போட்டுச் சில மணி நேரம் வலி நிற்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. நின்றால் அறுவையால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அறுவை ஆன பின் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையைத் தூளியில் கட்டிப் பத்திரப்படுத்தத் தோன்றும், வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். செய்யக் கூடாது. மருத்துவர் சொன்ன அளவுக்கு முதல் வாரத்திலிருந்தே கையை மெல்ல அசைத்து, நரம்பு தழும்போடு ஒட்டாமல் நழுவும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். ஆறு வாரம் வரைக்கும் குடம் தண்ணீர் வேண்டாம், பைக் ஹேண்டிலை இழுத்துத் திருப்புவதும் வேண்டாம். நடுவில் வலி ஒரு முறை கூடி, ‘பணமும் போச்சு, பலனும் இல்லை’ என்று தோன்றும் நாட்கள் வரும். பலருக்கு அது தானாக அடங்கும். பார வேலை மூன்று மாதத்துக்கு முன் கிடையாது. அதற்குப் பிறகும் தோளில் மூட்டை என்பது சிலருக்கு இனி எப்போதுமே கிடையாது.

ஓ.பி. சீட்டு போட்டு உள்ளே போனதும் ‘கை வலிக்குது சார்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தோள், மூட்டை எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை நடை, எத்தனை வருடமாக, அட்டி எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள். பீடி உண்டென்றால் அதையும். நெரிபடுவது நரம்பா குழாயா என்று கேளுங்கள். வெளியே வரும்போது அந்தத் தோளில் மறுபடி பாரம் வைக்கலாமா, எந்த மாதத்திலிருந்து, எத்தனை கிலோ வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஜெராக்ஸ் மேஸ்திரிக்கு, ஒன்று மண்டி முதலாளிக்கு.

இப்படிக்கு,
வேலூர்க்காரன் ஒருவன்